கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் ஐம்பத்தெட்டு காசு

ஆயிரம் ரூபாய். அச்சுப் பிழை இல்லை. பக்கத்தில் லட்சமோ கோடியோ விட்டுப்போகவும் இல்லை. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் வரை கடற்கரையோரமாகப் போடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கும் ரயில் பாதைக்கு 2020 பட்ஜெட்டில் ஒதுக்கிய தொகை அவ்வளவுதான். பாதையின் நீளம் 179.28 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 58 காசு வருகிறது.

இந்தக் கரையில்தான் மரக்காணம் இருக்கிறது. மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளம். விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவர்களின் ஊர். வாரிக் குவித்த உப்பு லாரியில் போகிறது. மளிகைக் கடையில் விளம்பர முகத்தோடு நிற்கும் ஒரு கிலோ பாக்கெட் உப்பு இன்று முப்பது ரூபாயை நெருங்கிவிட்டது. அந்த ஒரு பாக்கெட் காசுக்கு, பட்ஜெட் கணக்குப்படி, மரக்காணம் கரையில் ஐந்து கிலோமீட்டர் தண்டவாளம் போட்டுவிடலாம். உப்பு விலை ஏறிவிட்டதென்று இனி யாரும் குறைப்பட வேண்டாம். ரயில் அவ்வளவு மலிவு.

மலிவு எல்லா ஊருக்கும் இல்லை. மும்பை–அகமதாபாத் புல்லட் ரயில் 508 கிலோமீட்டர். முதலில் போட்ட மதிப்பீடு 1,08,000 கோடி. கிலோமீட்டருக்கு 212 கோடிக்கு மேல். உப்புக் காற்றில் தண்டவாளம் துருப்பிடிக்குமே என்ற கவலையில்தான் நம்மை விட்டுவைத்தார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நாட்டின் உப்பில் பெரும்பங்கு விளைவதே குஜராத்தில்தான். அந்த உப்புக்குக் கிலோமீட்டருக்கு 212 கோடி. இந்த உப்புக்கு ஐந்து ரூபாய் ஐம்பத்தெட்டு காசு. இரண்டும் ஒரே கடல் தண்ணீர்தான். தேர்தல் கணக்கில் மட்டும் அடர்த்தி வேறு.

ஆயிரத்துக்கு டெல்லியில் ஒரு மரியாதையான பெயர் உண்டு: டோக்கன் ஒதுக்கீடு. ரயில்வேயின் பிங்க் புக்கில் திட்டத்துக்கு ஒரு வரி இருக்கும். வரிக்கு எதிரே ஓர் எண் இருக்க வேண்டும். பூஜ்யம் போட்டால் கைவிட்டதாக ஆகிவிடும். கைவிட்டால் எவனாவது கேட்பான். ஆயிரம் போட்டால் கேட்கிறவனுக்கு, "திட்டம் உயிரோடு இருக்கிறது" என்று பதில் சொல்லலாம். உண்மைதான். மூச்சு மட்டும் விட அனுமதி. எழுந்து நடக்க அனுமதி இல்லை.

நமக்கு ஒரு சந்தேகம். அந்த ஆயிரத்தை எங்கே வைத்திருந்தார்கள்? டெண்டர் விட்டார்களா? மார்ச் 31-க்குள் செலவாகாமல் திருப்பி அனுப்பினார்களா? ஒழுங்காகச் செலவானதா என்று தணிக்கை செய்ய ஓர் அதிகாரியை அனுப்பினால் அவருடைய பயணப்படி ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஊழல் செய்யவே முடியாத ஒரே ரயில் திட்டம் என்று இதைத் தாராளமாகப் பாராட்டலாம்.

தனியாக அவமானப்பட்டோமோ என்று மரக்காணம் வருந்த வேண்டாம். அதே பட்ஜெட்டில் திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலைக்கும் ஆயிரம். அத்திப்பட்டு–புத்தூருக்கும் ஆயிரம். ஈரோடு–பழனிக்கும் ஆயிரம். அறுபடை வீட்டு முருகனுக்கும் அதே ஆயிரம்தான். பாரபட்சம் பார்த்தார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. (இன்னொரு வேடிக்கை: திண்டிவனம்–நகரி என்று வேறொரு நத்தைத் திட்டம். அதன் நீளம் 179.2 கிலோமீட்டர். நம்முடையதோ 179.28. வட தமிழ்நாட்டுக்குக் கனவு காண டெல்லி ஒரே அளவில்தான் துணி வெட்டுகிறது போலிருக்கிறது.)

இந்தக் கடற்கரைப் பாதை பேச்சுக்கு வந்தது லாலு பிரசாத் ரயில்வே அமைச்சராக இருந்தபோது. அப்போது இணை அமைச்சர் ஆர். வேலு. அரக்கோணத்து எம்.பி. நம்ம ஊர்க்காரர். அதற்குப் பிறகு மம்தா பானர்ஜி வந்தார். தினேஷ் திரிவேதி வந்தார். முகுல் ராய் வந்தார். சி.பி. ஜோஷி வந்தார். பவன் குமார் பன்சால் வந்தார். கார்கே வந்தார். சதானந்த கவுடா வந்தார். சுரேஷ் பிரபு வந்தார். பியூஷ் கோயல் வந்தார். அஸ்வினி வைஷ்ணவ் வந்தார். இதில் சி.பி. ஜோஷி இரண்டு முறை வந்துவிட்டுப் போனார். ரயில் ஒருமுறைகூட வரவில்லை.

கேட்டால் டெல்லி சொல்கிறது: மாநில அரசு நிலம் எடுத்துத் தரவில்லை. சென்னை சொல்கிறது: மத்திய அரசு பணம் தரவில்லை. பணம் வராமல் நிலம் எடுக்க முடியாதாம். நிலம் வராமல் பணம் கொடுக்க முடியாதாம். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். இரண்டு உண்மைக்கும் நடுவில் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. இதற்குள் ஒரு குழந்தை பிறந்து, பள்ளி முடித்து, மரக்காணத்தில் வேலை இல்லையென்று பஸ் ஏறிச் சென்னைக்குப் போய்விட்டது.

2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாட்டு ரயில் பணிகளுக்கு 6,626 கோடி என்று அமைச்சர் பெருமையாக அறிவித்தார். 2009 முதல் 2014 வரை ஆண்டுக்குச் சராசரி 879 கோடிதான் கிடைத்ததாம். ஒப்பிட்டுக் கைதட்டச் சொல்கிறார்கள். தட்டிவிடலாம். தட்டும் முன் இரண்டு கேள்வி. 6,626 கோடியிலிருந்து உப்பளத்து ஓரம் எவ்வளவு சிந்தியது என்பது ஒன்று. அந்த 879 கோடிக் காலத்தில் 2013 மார்ச் வரை டெல்லி மந்திரிசபையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நம்முடைய திராவிட வீரர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது மற்றொன்று. முதல் கேள்வியைக் கேட்டால் தேசவிரோதி. இரண்டாவதைக் கேட்டால் இனத்துரோகி. மரக்காணத்துக்காரன் இரண்டு பட்டத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறான்.

இன்னொரு காரணமும் அவ்வப்போது எட்டிப் பார்க்கும். வருவாய் விகிதம் போதாது. பாதை லாபம் தராது. சனிக்கிழமை காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து நில்லுங்கள் ஐயா. சென்னையே புதுச்சேரிக்குக் கிளம்பி வருகிறது. சுங்கம் கட்டிக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு, வழியில் ஆளை அடித்துக்கொண்டு. சாலைக்கு இருக்கும் வருவாய் தண்டவாளத்துக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

உண்மையில் மரக்காணம் ரயிலுக்குப் பணம் கட்டி நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. இது கொஞ்சம் பழைய கதை. பழைய கதையென்றாலும் கோபம் புதிதாகவே வருகிறது.

1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. பாதை போட்ட கம்பெனி லண்டனில் இருந்தது. அதில் பணம் போட்டவருக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் லாபம் உத்தரவாதம். ரயில் ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி. குறைந்தால் இந்தியாவின் வரிப்பணத்திலிருந்து ஈடுகட்டப்படும். அந்த வரிப்பணத்தில் உப்பு வரி ஒரு பெரிய வருமானம். கஞ்சி குடிக்கிறவனும் உப்பில்லாமல் குடிக்க முடியாது. ஆகவே வரிக்குத் தப்பவும் முடியாது. உப்பை விளைவித்தவன் காசு லண்டன் கனவானின் 5 சதவீதத்தில் போய்ச் சேர்ந்தது. டிக்கெட் அன்றைக்கே வாங்கியாயிற்று.

பிறகு தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். ரயில் இருந்தால் பஞ்சம் வராது என்று அதுவரை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ரயில் இருந்தது. பஞ்சமும் வந்தது. தானியம் நல்ல விலை எங்கேயோ அங்கே போனது. ரிச்சர்ட் டெம்பிள் என்ற துரை டெல்லியிலிருந்து நம்மைக் காப்பாற்ற வந்தார். நாளெல்லாம் மண் வெட்டும் ஆளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கண்டுபிடித்தார். அரைக் கிலோவுக்கும் குறைவு. பஞ்ச நிவாரணத்தில் மண் வெட்ட வந்தவர்களை வைத்துத்தான் சென்னையில் அடையாற்றுக்கும் கூவத்துக்கும் நடுவே கால்வாயை இணைத்தார்கள். கால்வாய்க்குப் பெயர் வைக்கும் நேரம் வந்தது. பட்டினியோடு வெட்டினவன் பெயரை வைக்கவில்லை. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை வைத்தார்கள்.

ஆந்திரக் கரையில் பெத்தகஞ்சத்தில் தொடங்கும் அந்த பக்கிங்ஹாம் கால்வாய் எங்கே முடிகிறது தெரியுமா? மரக்காணத்தில். ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீர்வழி. தடுப்புகளும் மதகுகளும் வைத்து, படகு விட்டு, மரக்காணத்து உப்பையும் சவுக்கு விறகையும் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். கரி வேண்டாம். டீசல் வேண்டாம். ரயிலைவிடக் கால்வாய்க்குச் செலவு குறைவு, கூடவே பாசனமும் நடக்கும் என்று ஆர்தர் காட்டன் தொண்டை வறள வாதாடினார். லண்டனில் யார் காதிலும் ஏறவில்லை. காட்டனை நாம் பாசனக்காரர் என்று கும்பிட்டு ஒதுக்கிவிட்டோம். ரயிலைப் பற்றி அவர் சொன்னதை வசதியாக மறந்துவிட்டோம்.

இப்போது அந்தக் கால்வாய் எங்கே? சென்னைக்குள் போய்ப் பாருங்கள். கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரை பறக்கும் ரயில் விட்டார்கள். அதன் தூண்களை நடத் தோதான இடம் வேண்டும். நிலம் எடுத்தால் காசு. கால்வாய்க்குச் சொந்தக்காரன் யாருமில்லை. ஆகவே பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே இறக்கினார்கள். நிலையங்களும் அதன்மேலேயே. படகு ஓடிய தண்ணீரில் கான்கிரீட் நிற்கிறது. மீதி இடத்தில் சாக்கடை நிற்கிறது.

கவனியுங்கள். மரக்காணத்துக்குச் சென்னையோடு இருந்த நீர்வழியைக் கொன்றதில் ரயிலுக்கும் பங்கு உண்டு. கொன்றதற்கு ஈடாக 2020-ல் கொடுத்தது ஆயிரம் ரூபாய்.

அந்தப் பறக்கும் ரயிலாவது பறந்ததா? வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை மீதி இருந்தது 5 கிலோமீட்டர். 2008-ல் வேலை ஆரம்பம். ஐநூறு மீட்டர் நிலத்தில் வழக்கு. பதினைந்து ஆண்டு தாண்டியும் வேலை முடியாமல் கிடந்தது. சென்னைப் பட்டணத்து நடுவில் ஐநூறு மீட்டரைத் தாண்ட இத்தனை வருடம் எடுத்துக்கொண்டவர்கள்தான் 179.28 கிலோமீட்டர் தாண்டிக் கடலூருக்கு வரப்போகிறார்கள். வாழ்க.

உப்புக்கும் ரயிலுக்கும் ஆகாது என்றும் சொல்லிவிட முடியாது. 1930-ல் ராஜாஜி நடந்து போய் உப்பெடுத்த வேதாரண்யத்துக்குப் பக்கத்திலேயே அகஸ்தியம்பள்ளி. அங்கே உப்பு ஏற்றவே ரயில் போனது. 2004-ல் மீட்டர்கேஜ் என்று நிறுத்தினார்கள். திருத்துறைப்பூண்டி வரை வெறும் 37 கிலோமீட்டர். அகலப்பாதையாக்கிக் கொடி அசைக்க 2023 ஏப்ரல் ஆகிவிட்டது. இருந்த ரயிலைத் திருப்பிக் கொடுக்கவே பத்தொன்பது ஆண்டு. செலவு 294 கோடி. உப்பு கொண்டுபோக மிகவும் உதவும் என்று அரசே அறிக்கை விட்டது. அப்படியானால் உப்புக்கு ரயில் உதவும் என்பது டெல்லிக்குத் தெரிந்திருக்கிறது. அதே உப்பு மரக்காணத்தில் விளைந்தால் மட்டும் அந்த ஞானம் மங்கிவிடுகிறது. உப்பு ஆணையர் அலுவலகம் ஜெய்ப்பூரில் இருப்பதால் கடற்காற்று அங்கே எட்டவில்லையோ என்னவோ.

பாவம், இந்த ஊருக்கு வழி சொல்வது புதிய வேலையும் இல்லை. சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில் மன்னன் நல்லியக்கோடனிடம் பரிசு வாங்கப் போகும் பாணனுக்கு வழி சொல்கிறார்கள். கடற்கரையில் எயிற்பட்டினம், பிறகு வேலூர், ஆமூர், அதன்பின் கிடங்கில். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் பக்கம் என்றும், கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியது என்றும் அறிஞர்கள் சொல்கிறார்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முன் சாலை வழியாகப் போகச் சொன்னார்கள். இன்றைக்கும் சாலை வழியாகத்தான் போகிறோம். அன்றைக்குப் போன பாணனுக்குப் போன இடத்தில் விருந்தும் பரிசும் கிடைத்தன. நமக்குத் திண்டிவனம் பஸ் நிலையத்தில் டீ கிடைக்கிறது.

1879-லேயே விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் போய்விட்டது. ஆங்கிலேயன் பிரெஞ்சுக்காரன் ஊருக்குப் பாதை போடச் சம்மதித்தான். சொந்த நாட்டுக்காரர்களுக்குள்தான் சம்மதம் வர மாட்டேன் என்கிறது.

மரக்காணத்துக்கு எதுவும் வராது என்று சொன்னால் அது பொய். பக்கத்துக் கழுவெளிச் சதுப்பு நிலத்துக்கு வருடம் தவறாமல் பறவைகள் வருகின்றன. புயல் வருகிறது. 2020 நவம்பர் 25 இரவு நிவர் புயல் இந்தப் பக்கமாகத்தான் கரை ஏறியது. சர்வே எடுக்கவில்லை. வருவாய் விகிதம் பார்க்கவில்லை. சொன்ன இரவில் வந்து சேர்ந்தது. புயல் வந்தால் பின்னாலேயே அமைச்சர்கள் காரில் வருகிறார்கள். முழங்கால் தண்ணீரில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் வடிவதற்கு முன் அவர்கள் வடிந்துவிடுகிறார்கள்.

ரயில் என்றதும் நம் எழுத்தாளர்களுக்கு மனம் உருகிப்போகும். ஜன்னல் ஓரம், கரித்தூள், கூஜாத் தண்ணீர், இட்லிப் பொட்டலம், பாட்டி. எல்லாம் சரி. அந்த ஏக்கமெல்லாம் ரயில் இருக்கிற ஊர்க்காரருக்கு. ரயிலே வராத ஊரில் பிறந்தவன் எதை நினைத்து ஏங்குவது? ரயில் நிலையத்து மஞ்சள் பலகையைக்கூட அவன் வேறு ஊரில்தான் பார்க்க வேண்டும். அதில் கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதுவார்கள். மரக்காணத்தில் அதற்கு வண்ணம்கூட அதிகம் செலவாகாது.

தமிழனுக்கு ரயில் வெறும் வண்டியும் இல்லை. அவன் அரசியல் செய்த மேடையே அதுதான். 1911-ல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டது ரயில் பெட்டியில். ரயில்வே சிற்றுண்டிச் சாலையில் பிராமணருக்குத் தனி இடம் என்ற அசிங்கத்தை எதிர்த்துப் பெரியார் போராடினார். 1953-ல் டால்மியாபுரம் என்ற பெயரை எதிர்த்துக் கருணாநிதி படுத்தது கல்லக்குடித் தண்டவாளத்தில். தார் டின்னோடு இளைஞர்கள் தேடிப் போனது நிலையத்து இந்திப் பலகையை. 1956 நவம்பரில் அரியலூரில் ரயில் ஆற்றில் விழுந்தது. லால் பகதூர் சாஸ்திரி பதவியை விட்டு இறங்கினார். 2023 ஜூனில் பாலசோரில் சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் மோதி ஏறத்தாழ 300 பேர் செத்தார்கள், யாரும் இறங்கவில்லை. எல்லாவற்றுக்கும் ரயில் வேண்டும். சுடவும், படுக்கவும், தார் பூசவும், ராஜினாமா செய்யவும், செய்யாமல் இருக்கவும்.

மரக்காணத்துக்கு அந்த வசதியும் இல்லை. ரயில் கேட்டு ரயில் மறியல் செய்யலாமென்றால் மறிக்க ரயில் இல்லை. படுக்கத் தண்டவாளம் இல்லை. கொடியைச் சுருட்டிக்கொண்டு, பஸ்ஸில் டிக்கெட் எடுத்து, திண்டிவனம் போய்த்தான் உட்கார வேண்டும். அங்கே ஏதோ ஒரு மதுரை வண்டியை நிறுத்தினால் உள்ளே இருப்பவன் நம்மைத் திட்டுவான். அவனும் நம்மைப்போலவே நின்றுகொண்டு வந்தவன். போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும்.

போன பிறகு வழக்கு. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம், பிரிவு 174. ரயிலை மறித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மரக்காணத்துக்காரர் ஒரே ஒருவர் முழு அபராதத்தையும் கட்டினால் போதும். கரையோர ரயில் பாதைக்கு இரண்டு பட்ஜெட் ஒதுக்கீடு கைக்கு வந்துவிடும். நூறு பேர் கட்டினால் டெல்லி இருநூறு ஆண்டு கையைப் பிசைய வேண்டியதில்லை.